தூரத்திலிருந்து அழைப்பவர்

என் அக்கா ஜெபாவுக்கு அந்த வேலை வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். இதை வசதியாக மறந்துவிட்டுத்தான், நாங்கள் வம்பு வளர்க்கவே வந்தோம் என்று சிலர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள்.

ஜெபாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே கட்ட வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் மேசையைத் தட்டுவான், அது அவளுக்குக் கேட்காது, உடனே திமிர் பிடித்தவள் என்று எழுதி வைத்துவிடுவான். இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கம் நடந்ததை வைத்து ஓவியக் கண்காட்சி போடப் போகிறார்களாம். அதைக் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் சுற்றிக் காட்ட, காது கேளாத ஒருவரே வேண்டுமாம். ஜெபா போய் நின்றாள், எடுத்துக்கொண்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள். முதல் சுற்று நல்லபடியாக முடிந்தால் மாதச் சம்பளத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகக் கண்காட்சியை அமைத்த மாளவிகா சொல்லியிருந்தார்.

நான் சுகிர்தா. பொன்னேரியில் பி.ஏ. வரலாறு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. படித்த படிப்புக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. படிக்காமலே கைக்கு வந்த சைகை மொழிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் சுற்றுக்கு வரப்போகும் விருந்தினர்களுக்குக் காது கேட்கும் என்பதால், ஜெபா கையால் சொல்வதை நான் வாயால் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். சேர்க்கக்கூடாது, குறைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பாக்கம் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது ஜெபா அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். அவளுக்கு வாயால் பேச வராது, ஆனால் கைக்கு எங்கள் ஊர்ப் பேச்சுதான். அப்படியே எழுதுகிறேன்.

“எவன் இன்னா சொன்னாலும் பொங்காத. எனுக்கு இந்த வேல வோணும். நீ இன்னிக்கி என் வாய், அவ்ளோதான். மூளைய ஊட்டுலயே வெச்சிட்டு வா.”

நான் பொங்குகிறவள் என்பது அவள் கட்சி. எனக்கு அவள் வைத்திருக்கும் பெயரே அதுதான். காது கேளாதவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆதார் கார்டில் இருக்கும் பெயர் அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. ஓர் ஆளிடம் கண்ணில் படுவது எதுவோ அதை வைத்து ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். ஜெபாவோடு வேலை செய்யும் அன்புசெல்வனுக்குப் புருவத்தில் ஒரு வெட்டு. எனக்கு, ஐந்து விரலும் வாயைப் போல் திறந்து மூடும்.

கண்காட்சி நடந்த இடம் வெங்கடேசன் என்பவரின் பழைய ரைஸ் மில். ஜன்னலையெல்லாம் பலகை போட்டு அடைத்து, ஏசி வைத்து, ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு விளக்கு மாட்டியிருந்தார்கள். வெங்கடேசன் லேபர் காண்ட்ராக்டர். சிப்காட்டில் பாதிக் கம்பெனிக்கு அவர்தான் ஆள் அனுப்புகிறார், ஜெபாவும் அவர் ஆள்தான். அவர் குடும்பத்துக்கு ஏரிக்குக் கீழே நெல் நிலம் இருக்கிறது. எங்கள் ஜனம் அந்தச் சேற்றில் நின்றது, இப்போது அவர் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போகிறது. வேன் மட்டும்தான் புதுசு.

மில்லை அவர் வாடகை இல்லாமல் கொடுத்திருந்தார். பதிலுக்கு அவருடைய எள்ளுத்தாத்தாவின் போட்டோவைப் பெரிதாக்கி, எல்லோரும் நின்று பார்க்கும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். கம்பெனிகளில் வேலை செய்யும் காது கேளாதவர்களைத் தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதும் அவர்தான். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதையும் எடுத்துக்கொண்டார் என்று வேனிலிருந்து இறங்கும்போதே அன்புசெல்வன் ஜெபாவிடம் சொன்னான்.

பொன்னாடை போர்த்தினார்கள். வெங்கடேசன் பேசினார். இந்த ஊமைப் புள்ளைங்களுக்கும் நம்ம சரித்திரம் தெரியணும், அதுங்களுக்கும் மனசு இருக்கு இல்லியா என்றார். நான் அதை அப்படியே சைகையில் சொன்னேன். எங்களுக்கு மனசு இருப்பதை எப்போது கண்டுபிடித்தாராம் என்று அன்புசெல்வன் கேட்டான். ஜெபா அவனை முறைத்தாள். மாளவிகா தனக்கும் ஒரு சைகைப் பெயர் வேண்டும் என்று கேட்டு, தலைமேல் ஏற்றிய கூலிங்கிளாஸ் என்று ஒன்றை வாங்கிக்கொண்டார். குழந்தை மாதிரி அதைச் செய்து செய்து பார்த்தார்.

சுற்று ஆரம்பமானது. சொல்லிவிடுகிறேன், ஜெபா நன்றாகச் செய்தாள். முதல் படம் பழவேற்காட்டுக் கப்பல், அவுரி நீலத்தில் துணி மேல் அச்சடித்தது. துணி விற்ற அதே கரையில் டச்சுக்காரர்கள் மனிதர்களையும் ஏற்றி விற்றார்கள் என்று கையாலேயே கப்பல் செய்து, விரல்களை ஆட்களாக அதற்குள் படுக்க வைத்துக் காட்டினாள். நான் மூன்று வருடம் வரலாறு படித்தவள், எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. விருந்தினர்கள் என் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் பக்கம் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடேசன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது கால்வாய். தாது வருஷப் பஞ்சத்தில், சாகக் கிடந்தவர்களை மண் தோண்ட வைத்து, தோண்டினால்தான் கஞ்சி என்று வெள்ளைக்காரன் வெட்டிய பக்கிங்காம் கால்வாய். கூரையிலிருந்து மண் கூடைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே எள்ளுத்தாத்தா.

போட்டோவில் அவர் தலைப்பாகையோடு நிற்கிறார். பக்கத்தில் கஞ்சித் தொட்டி. கையில் நீளமான காம்பு வைத்த அகப்பை. கீழே குந்தியிருக்கும் ஆட்கள் கையைக் குவித்து ஏந்துகிறார்கள். அடியில் எழுதியிருந்தது: ‘பஞ்சத்தில் தன் கையாலேயே கஞ்சி ஊற்றி உயிர் காத்த மேஸ்திரி.’

ஜெபா எழுத்தைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள். தன் கையால் என்று போட்டிருக்கிறது, கை எங்கே இருக்கிறது, கஞ்சி எங்கே விழுகிறது, நீங்களே பாருங்கள் என்றாள். நானும் அதையே சொன்னேன். அந்தக் காலத்து அகப்பை அப்படி, இன்னும் வீட்டில் இருக்கிறது என்று வெங்கடேசன் பெருமையாகச் சொன்னார்.

பிறகு அவர் யார் என்று ஜெபா சொன்னாள். காது கேளாதவர்களுக்குச் சொல்லும்போது சைகைப் பெயர் இல்லாமல் ஓர் ஆளைச் சொல்ல முடியாது. கட்டை விரலால் ஆள்காட்டி விரலைச் சுண்டி வெங்கடேசனின் பெயரைச் செய்து, அவருடைய எள்ளுத்தாத்தா என்றாள். வந்திருந்த காது கேளாதவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்புசெல்வன் பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

வெங்கடேசன் சிரிப்பைப் பார்த்தார். “எனக்கும் பேர் வெச்சிக்கிறாங்களா? இன்னாம்மா அது?”

அந்தப் பெயர் இதுதான். காது கேளாதவர்களைக் கூப்பிட எத்தனையோ வழி இருக்கிறது. கையை ஆட்டலாம், விளக்கைப் போட்டு அணைக்கலாம், தரையில் ஓங்கி மிதிக்கலாம். பக்கத்தில் இருந்தால் தோளைத் தொட்டாலே போதும், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். வெங்கடேசன் தொட மாட்டார். வேன் நிற்கும் இடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜல்லிக் குவியல் ஒன்று கிடக்கிறது. அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து முதுகிலோ பிடரியிலோ படும்படி சுண்டிவிடுவார். சின்னக் கல்தான். காயம் படாது. காயம் படாததை எங்கே போய்ப் புகார் சொல்வது? ஏன் தொட மாட்டார் என்று எங்கள் காலனியில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அது கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை.

ஜெபா என்னைப் பார்த்தாள். சொல்லு என்று ஒரு சைகை. சட்டமும் அதுதான்.

அவள் கழுத்தில் ‘வழிகாட்டி’ என்று அச்சடித்த அட்டை தொங்கியது. மாளவிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். “தூரத்திலிருந்து அழைப்பவர்” என்றேன்.

ஓர் அம்மாள் கைதட்டினார். வெங்கடேசனுக்குப் பிடித்துப்போயிற்று. எங்கே கிடந்தாலும் கூப்பிட்டு வேலை கொடுக்கிறோமே, அதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று விருந்தினர்களிடம் சொன்னார்.

கல்லு விடுபவர் என்று ஒருவரைச் சொன்னால் அவர் முகம் மலராது. நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று தெரிய ஜெபாவுக்கு அது போதும். அன்புசெல்வன் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவான். நான் என்ன சொன்னேன் என்று அவனிடம் திரும்பிக் கேட்டாள். அவன் சொன்னான்.

“கல்லு எங்க?” என்றாள் ஜெபா. கை என் முகத்துக்கு நேராக வந்தது. “நான் சொன்னதுல கல்லு இருந்துச்சே, அது எங்க போச்சு?”

“உன் வேலைய நெனச்சேன்கா.”

“உன்ன யாரு நெனக்கச் சொன்னது? மூளைய ஊட்டுல வெச்சிட்டு வான்னேன்ல?”

“நாளைக்கும் அந்த லைன்ல நிக்கப் போறியா?”

“நிக்கறது என் காலு. உனுக்கின்னா வலி?”

சத்தமே இல்லாமல் நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து விருந்தினர்கள் புன்னகை செய்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் உண்டு என்று நினைத்துவிட்டார்கள். பத்திரிகையிலிருந்து வந்தவர் முட்டி போட்டு உட்கார்ந்து படம் எடுத்தார். எவ்வளவு எக்ஸ்பிரஸிவ் என்று கைதட்டிய அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு விருந்தினரிடம் அகப்பையைப் பற்றி விளக்கிக்கொண்டு வெங்கடேசன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஜெபா அவரிடம் போனாள். இரண்டு விரலால் தோளைத் தொட்டாள். மெதுவாகத்தான், என்னைக் கூப்பிடுவது போல, யாரையும் கூப்பிடுவது போல.

அவர் துள்ளி விலகினார். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. யார் என்று பார்த்தார். தொட்ட இடத்தைக் கையால் தட்டிவிட்டார். அதைத் தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

“தொட்டுப் பேசற வேலயெல்லாம் வெச்சிக்காத” என்றார். குரலை உயர்த்தவில்லை.

காது கேளாதவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சொன்னேன். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜெபா அவர் முகத்துக்கு நேராக நின்று பேசினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை, நான் சொல்வேன் என்பதில் இப்போது அவளுக்குச் சந்தேகம் இல்லை. என் வாயில் வந்தது மேடைத் தமிழ் இல்லை, அவள் தமிழ்.

“எங்களக் கூப்புடறது இப்டித்தான். நீங்க கல்லு விட்டுக் கூப்புடறீங்க. உங்க பேரே அதான், கல்லு விடறவரு. இவ மாத்திச் சொல்லிட்டா. எங்க தோளத் தொட உங்களுக்கு ஆவல. உங்க எள்ளுத்தாத்தாவுக்கும் ஆவல. அதான் அந்த அகப்பைக்கு அவ்ளோ நீட்டுக் காம்பு.”

வெங்கடேசன் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“நீதான பேசற. அது வாயில்லாத பூச்சி, அதுக்கு இன்னா தெரியும்? நாலு எழுத்து படிச்சதும் கொழுப்பு ஏறிக்கிச்சா?”

இதையும் சைகையில் சொன்னேன். ஜெபாவின் கைகள் பதில் சொல்ல, என் வாய் அவரிடம் சொன்னது: “சொன்னது நான். அவள ஏன் திட்டறீங்க? என்னப் பாத்துப் பேசுங்க.”

“இன்னா ஒளர்ற? உன்னத்தான பாத்துப் பேசிக்கினு இருக்கேன்?” என்றார். அவருக்கு உண்மையிலேயே குழம்பிவிட்டது. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மாளவிகா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அகப்பை விஷயம் தனக்கும் முதல் நாளே தெரியும், வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டது, இடம் அவருடையது, இதையெல்லாம் உங்களைப் போன்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். ‘உங்களைப் போன்றவர்கள்’ யார் என்று கேட்டேன். ஜெபா ஒரே ஒரு சாரி சொல்லட்டும், வேலைக்கு நான் பொறுப்பு என்றார். இதற்குள் வெங்கடேசனும் அதையே சத்தமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார். அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்கணும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இப்போதே கழற்றிக்கொண்டு போங்கள் என்றார்.

இரண்டையும் ஜெபாவிடம் சொன்னேன். வேலைக்கு மாளவிகா பொறுப்பு என்பதை இரண்டு முறை சொன்னேன். அது சட்டத்தில் இல்லை.

ஜெபா கழுத்திலிருந்த அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, “இன்னும் படம் பாக்கி கீது. வர்றவங்க வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை நோக்கி நடந்தாள். காது கேளாதவர்கள் எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.

“லைட்ட நிறுத்துறா” என்றார் வெங்கடேசன்.

யாரோ மெயினைத் தட்டினார்கள். பலகை அடித்த மில். கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றே தெரியவில்லை. காது கேட்கிறவர்கள் இருட்டில் கத்தினார்கள், பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் கூப்பிட வாய் இல்லை, பார்க்கக் கையும் இல்லை. அவர்கள் செருப்பு தரையில் உரசுவது மட்டும் கேட்டது. விளக்கை அணைப்பது என்றால் இவர்களுக்கு வாயைப் பொத்துவது. வருடக் கணக்காக இவர்களை வைத்துச் சம்பாதிப்பவர், கற்றுக்கொண்டது இதை மட்டும்தான்.

ஷட்டர் உறுமிக்கொண்டு மேலே போனது. அன்புசெல்வன் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்துத் தூக்கியிருந்தான். வெயில் உள்ளே அடித்தது. ஜெபா வெளியே நடந்தாள். நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தின் நடுவில் நின்று, பார்க்காமல் விட்ட படங்களை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து சொல்ல ஆரம்பித்தாள். எல்லோரும் அவளைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நான் போய் வட்டத்தில் நிற்கப் பார்த்தேன். இங்கே காது கேட்கிறவர்கள் யாரும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை, உள்ளே போ என்றாள்.

நான் உள்ளே போகவில்லை. ஷட்டர் பக்கத்தில் நின்றேன். மாளவிகா அங்கே வந்தார். கூலிங்கிளாஸ் இப்போது கண்ணில் இருந்தது. தணிந்த குரலில் பேசினார். ஜெபா ரொம்ப ஸ்ட்ராங், மதிக்கிறேன், ஆனால் நாலு விதமான ஆட்களை வைத்து நடத்த வேண்டிய வேலை இது என்றார். பிறகு சொன்னார்:

“நீங்க அந்தப் பேரை எவ்ளோ அழகா சொன்னீங்க. தூரத்திலிருந்து அழைப்பவர்னு. அந்தப் பக்குவம்தான் எங்களுக்கு வேணும். சைகை தெரியும், ஹிஸ்டரி படிச்சிருக்கீங்க. இந்த வேலைய நீங்களே பண்ணலாமே சுகிர்தா.”

களத்தின் நடுவிலிருந்து ஜெபா பார்த்துவிட்டாள். “அந்தம்மா இன்னா சொல்லுது?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ட்ராங் என்றதை, அழகாகச் சொன்னேன் என்றதை, பக்குவம் என்றதை, நீங்களே பண்ணலாம் என்றதை. வட்டத்தில் நின்ற அத்தனை பேரும் படித்தார்கள். ஜெபா கையை இறக்கிக்கொண்டாள். அவள் ஏதாவது சொல்வதற்கு முன்னால் நான் மாளவிகா பக்கம் திரும்பிவிட்டேன்.

“உங்க பக்குவத்த நீங்களே வெச்சிக்குங்க. எங்க ஊட்டுல அதுக்கு எடம் இல்ல.”

அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்ததால்தான் இவ்வளவும் வந்தது என்றேன். அவர் ஜெபாவின் அட்டைக்காகக் கையை நீட்டினார். ஜெபா உடனே கொடுக்கவில்லை. கடைசிப் படத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை அந்த வெயிலில் அவரைக் காக்க வைத்தாள். அதற்குப் பிறகு கழற்றிக் கொடுத்தாள்.

ரயிலில் அவள் என்னை விடவில்லை. யாரைக் கேட்டு வேண்டாம் என்று சொன்னாய் என்று ஆரம்பித்தாள். உன் வேலையை நான் எப்படிப் பிடுங்குவேன் என்றேன். பிடுங்கவில்லை, கீழே விழுந்ததை எடுத்திருக்கலாம், வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்திருக்கும் என்றாள். நான் சொன்னதைச் சொல்லாமல் என் சம்பளத்தைப் பார்த்தாய், சம்பளம் உன் கைக்கே வந்தபோது உதைத்துத் தள்ளினாய், உன் மூளை எந்தப் பக்கம்தான் சுற்றுகிறது என்றாள். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கள் கை படாமல் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். ஜெபா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எளாவூர் தாண்டியும் திறக்கவில்லை. நான் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவுக்குள்ளேயே சூப்பர்வைசரிடமிருந்து போனில் செய்தி வந்துவிட்டது. நாளையிலிருந்து வேன் ஜெபாவுக்கு நிற்காது. வெங்கடேசன் ஆள் அனுப்பாத கம்பெனி எது என்று இரண்டு பேரும் யோசித்தோம். நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். கடைசியில் எல்லை தாண்டித் தடா பக்கம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அங்கே தெலுங்கில் பேசுவார்களே, நான் கூட வருகிறேன் என்றேன்.

“எனுக்குத் தமிழே காதுல உழாது. தெலுங்கு உழுந்தா இன்னா, உழாட்டி இன்னா? நீ வராத. என் வாய நானே பாத்துக்கறேன்.”

திங்கட்கிழமை காலையில் நானும் கிளம்பினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு, ரயில் வந்ததும் வேறு பெட்டியில் ஏறினாள்.